இசை மென்பொருளை மாதாமாதம் கட்டி வாங்கலாமா, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: வீட்டிலிருந்தே பின்னணி இசை அமைக்கிறீர்கள், இப்போதுதான் கொஞ்சம் காசு வர ஆரம்பித்திருக்கிறது, ஒரு ரெக்கார்டிங் மென்பொருள், ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி (வாத்தியங்களின் ஒலிகளைப் பதிவு செய்து வைத்த தொகுப்பு), நாலைந்து பிளகின்கள் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் சின்ன மென்பொருள்கள்) வேண்டும், எல்லாவற்றையும் ஒரே அடியாக வாங்கக் கையில் பணம் இல்லை, மாதாமாதம் கட்டி வாங்குவது சரியா அல்லது சேர்த்து வைத்து வாங்குவது சரியா. ஆனால் கேள்வியை இரண்டு முறை படித்தபோது உங்களை உறுத்துவது வேறொன்று என்று தோன்றியது. கடைசி வரியில், "நடுவில் ஆறு மாதம் வேலையே வராவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

நான் பல வருஷமாக மிக்ஸிங்கும் இசை புரோகிராமிங்கும் செய்து வருகிறேன். முழுப்பணம் கொடுத்து வாங்கியிருக்கிறேன், சந்தா கட்டியிருக்கிறேன், தவணையிலும் எடுத்திருக்கிறேன், மூன்றிலும் நல்லதும் கெட்டதும் பார்த்தாகிவிட்டது. கணக்காளரோ வக்கீலோ இல்லை என்பதால் வரி, ஒப்பந்தம் பற்றிச் சொல்வதை மட்டும் பொதுவான வழிகாட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் பற்றியதை நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "மாதாமாதம் கட்டுவது" என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு ஏற்பாடுகள் இருக்கின்றன. சந்தா என்பது சுத்தமான வாடகை. கட்டும் வரை ஓடும், நிறுத்தினால் நின்றுவிடும், பத்து வருஷம் கட்டினாலும் கையில் எதுவும் மிஞ்சாது. ஈஸ்ட்வெஸ்ட் நிறுவனத்தின் கம்போசர்கிளவுட், ரீசன் பிளஸ் எல்லாம் இந்த வகை. இரண்டாவது, வாடகையாகக் கட்டிக் கடைசியில் சொந்தமாக்கிக்கொள்வது, ரெண்ட் டு ஓன் என்பார்கள். ஸ்ப்ளைஸ் என்ற இணையதளம் 2016-இல் சீரம் என்ற சின்தசைசரை (ஒலிகளை உருவாக்கும் மென்பொருள் கருவியை) வைத்து இதைப் பிரபலமாக்கியது. மூன்றாவது கடன்: விற்பவருக்கு முழுப்பணமும் போய்விடும், லைசென்ஸ் முதல் நாளே உங்கள் பெயருக்கு வந்துவிடும், நீங்கள் கடன்பட்டிருப்பது கார்டு நிறுவனத்திடமோ தவணை நிறுவனத்திடமோதான். நாலாவது தொழில் நிறுவனங்கள் கருவிகளை எடுக்கும் குத்தகை.

இந்தக் கடைசியை இரண்டே வரியில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. குத்தகைக்குக் கொடுப்பவர் எதை நம்பிக் கொடுக்கிறார் என்றால், நீங்கள் கட்டாவிட்டால் பொருளைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிடலாம் என்ற தைரியத்தில்தான். மென்பொருள் லைசென்ஸைத் தூக்கிக்கொண்டு போய் விற்க முடியாது. அதனால் கணினி, மிக்ஸிங் கன்சோல், ஸ்பீக்கர் என்று ஒரு ஸ்டுடியோவுக்கே மொத்தமாக எடுக்கும்போது மென்பொருளும் அதில் ஒரு பகுதியாகச் சேருமே தவிர, தனி ஆள் பிளகினுக்கு மட்டும் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. கிடைத்தாலும் குத்தகைக் காலம் முடிந்தபின் பொருளைச் சொந்தமாக்கத் தனியாக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மாதத் தொகை சின்னதாகத் தெரிவதற்குப் பல சமயம் அந்தக் கடைசித் தொகைதான் காரணம்.

சரி, ஆறு மாதம் வேலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். ரெண்ட் டு ஓன் என்றால் ஸ்ப்ளைஸ் போன்ற இடத்தில் தவணையை நிறுத்தி வைக்கலாம். அதுவரை கட்டியது கணக்கில் அப்படியே இருக்கும், மென்பொருள் மட்டும் தூங்கிவிடும், மறுபடி கட்ட ஆரம்பித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடன் என்றால் நேர் எதிர். மென்பொருள் நிற்காமல் ஓடும், தவணையும் நிற்காமல் வரும், கட்டாவிட்டால் அபராதமும் வட்டியும் ஏறும், நாளைக்கு வேறு எதற்காவது கடன் கேட்டுப் போனால் அங்கேயும் அது வந்து நிற்கும். சந்தா என்றால் ரத்து செய்துவிடலாம், ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. "மாதச் சந்தா" வேறு, "வருடச் சந்தா, மாதாமாதம் கட்டுவது" வேறு. இரண்டாவதில் மாதத் தொகை குறைவாக இருக்கும், ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கும் நீங்கள் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மூன்றாம் மாதம் விலக நினைத்தால் மிச்சத்தைக் கட்டு என்பார்கள், அல்லது விலகல் கட்டணம் கேட்பார்கள். பணம் கட்டும் பக்கத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும், அவசரத்தில் கண் குறைந்த எண்ணுக்குத்தான் போகும்.

அந்த ஆறு மாதத்தில் உங்கள் பழைய வேலைகளுக்கு என்ன ஆகும் என்பதுதான் பலரும் யோசிக்காத விஷயம். இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு குறும்படத்துக்கு இசை முடித்துக் கொடுத்து வருஷக்கணக்காகிவிட்ட பிறகு இயக்குநர் கூப்பிட்டு, கடைசிக் காட்சியை நீட்டியிருக்கிறேன், இருபது விநாடி மட்டும் கூடுதலாக வேண்டும் என்றார். அரை மணி நேர வேலை என்று நினைத்து புராஜெக்டைத் திறந்தேன். வயலின், வியோலா, செல்லோ என்று ட்ராக்குகள் வரிசையாக இருக்கின்றன, மிடி நோட்டுகள் (எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகள்) ஒன்று விடாமல் இருக்கின்றன, பிளே அழுத்தினால் கோடு மட்டும் நகர்கிறது, சத்தமே இல்லை. பிளகின் இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில், லைசென்ஸ் இல்லை என்ற ஒரு வரி. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்தச் சந்தாவை நிறுத்தியிருந்தேன். வேறு வழியில்லாமல் ஒரு மாதத்துக்கு மறுபடி பணம் கட்டி, புது ஹார்ட் டிஸ்கில் லைப்ரரியை ராத்திரி முழுக்க இறக்கி, காலையில் திறந்தால் இடைப்பட்ட காலத்தில் வந்த புதுப் பதிப்பில் ரிவெர்ப் (அறையில் கேட்பது போன்ற எதிரொலி) வேறு மாதிரி கேட்கிறது. பழைய இசைக்கும் புது இருபது விநாடிக்கும் நடுவே ஒட்டுப்போட்டது தெரியாமல் மறைக்க ஒரு நாள் முழுக்கப் போனது. அந்த நிறுவனத்தின் மேல் தப்பு சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஒவ்வொரு ட்ராக்கையும் ஆடியோவாக மாற்றி வைக்காதது என் தவறு.

அதனால் சந்தாவிலோ முடியாத தவணையிலோ இருக்கும் எந்தக் கருவியைத் தொட்டாலும், வேலை முடிந்த அன்றே அந்த ட்ராக்கைத் தனித்தனி ஆடியோவாக பவுன்ஸ் பண்ணிவிடுங்கள். ரிவெர்போடு ஒன்று, ரிவெர்ப் இல்லாமல் ஒன்று. மிடியைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். சின்தசைசரில் நீங்களே செய்த ஒலி என்றால் பிரிசெட்டையும் (அந்த ஒலிக்கான அமைப்புகளையும்) சேமித்து, எந்த பிளகின், எந்தப் பதிப்பு என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும். இதைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களுக்குச் சந்தா அவ்வளவு ஆபத்தானது இல்லை. பழகாதவர்களுக்கு ஒவ்வொரு பழைய புராஜெக்டும் மாதாமாதம் பணம் கட்டினால் மட்டுமே திறக்கும் பூட்டாக ஆகிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சீரமின் விலை 189 டாலராக இருந்தபோது ஸ்ப்ளைஸில் மாதம் 9.99 டாலர் என்று கொடுத்தார்கள். பதினெட்டு மாதம் கட்டினால் 179.82 ஆகும், பத்தொன்பதாவது மாதம் பாக்கிச் சில்லறையைக் கட்டினால் முடிந்தது. அதாவது வட்டி என்று ஒரு பைசா இல்லை. எந்தத் தவணையைப் பார்த்தாலும் இந்தப் பெருக்கலை முதலில் போடுங்கள், மாதத் தொகையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி முழு விலையோடு ஒப்பிடுங்கள், கூடுதலாக வந்தால் அந்தக் கூடுதல்தான் வட்டி, அதற்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி. இன்னொரு நல்லதையும் சொல்ல வேண்டும், சீரமைச் சொந்தமாக வைத்திருந்தவர்களுக்கு 2025-இல் சீரம் 2 இலவசமாகவே வந்தது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யாது, எனவே அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

ஆனால் வட்டி இல்லை என்பதாலேயே அது மலிவு என்று ஆகாது. இசை மென்பொருள் உலகில் முழு விலை என்பதே ஒரு மாதிரியான எண். நவம்பர் கடைசியில் வரும் தள்ளுபடிக் காலத்தில் பல பிளகின்கள் பாதி விலைக்கும் அதற்குக் கீழேயும் வரும். ரெண்ட் டு ஓன் திட்டங்கள் பொதுவாக முழு விலையை வைத்துத்தான் பிரிக்கப்படுகின்றன. ஆகவே 200 டாலர் பொருளைத் தவணையில் 200 கொடுத்து எடுப்பவர், நாலு மாதம் பொறுத்தால் 100-க்கு வாங்கியிருக்கலாம். உங்களுக்கு அந்தக் கருவி இப்போதே சம்பாத்தியம் கொடுக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் பொறுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். அடிக்கடி தள்ளுபடிக்கு வரும் பிளகின் என்றால் காத்திருங்கள் என்பேன், தள்ளுபடிக்கே அதிகம் வராத சாமான் என்றால் தவணை நியாயம். இது என் அனுபவக் கணிப்பு, விதி இல்லை. வாங்க நினைக்கும் பொருளின் பழைய தள்ளுபடி விலைகளைத் தேடிப் பார்த்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

சந்தாவுக்கு வேறொரு கணக்கு. உதாரணத்துக்கு, மாதம் 20 டாலருக்கு நூறு பிளகின் கொண்ட ஒரு கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு 240, மூன்று வருஷத்துக்கு 720. நூறு பிளகினின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் அள்ளிக் கொடுப்பது போலத் தெரியும். ஆனால் உங்களுடைய கடைசிப் பத்து புராஜெக்டைத் திறந்து, அதில் உண்மையில் எந்தெந்த பிளகின் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது ஒரு ஈக்வலைசர், இரண்டு கம்ப்ரெசர், ஒரு ரிவெர்ப், ஒரு டிலே, அவ்வளவுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த ஐந்தை மட்டும் தள்ளுபடியில் வாங்கினால் ஒரு வருஷச் சந்தாவுக்குள் முடிந்துவிடும் என்றால் சந்தா தேவையில்லை. புதிதாகக் கற்றுக்கொள்ளும் காலத்தில், எது தேவை என்றே தெரியாத நிலையில், மூன்று மாதம் சந்தா எடுத்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு அந்த ஐந்தைக் கண்டுபிடிப்பது நல்ல வழிதான்.

முழுசா வாங்கினால் காலாகாலத்துக்கும் நம்முடையது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உறுதியாகத் தெரிந்த சில நிகழ்வுகளை மட்டும் சொல்கிறேன். 2002-இல் ஆப்பிள் எமாஜிக் நிறுவனத்தை வாங்கியதும் அதன் லாஜிக் என்ற ரெக்கார்டிங் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. கேக்வாக் நிறுவனம் 2016-இல் சோனார் பிளாட்டினம் என்ற ரெக்கார்டிங் மென்பொருளுக்கு வாழ்நாள் முழுவதும் இலவசப் புதுப்பிப்பு என்று விற்றது, 2017 நவம்பரில் தாய் நிறுவனமான கிப்ஸன் அதன் மேம்பாட்டையே நிறுத்திவிட்டது. (பிறகு 2018-இல் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது வேறு கதை.) 2019-இல் ஆப்பிள் கணினிகளுக்கான மேக்ஓஎஸ் கேட்டலினா இயங்குதளம் வந்தபோது பழைய 32-பிட் வகை மென்பொருள் எதுவும் அதில் ஓடவில்லை, காசு கொடுத்து வாங்கிய பழைய பிளகின்கள் ஒரே நாளில் செயலிழந்தன. ஸ்டைன்பெர்க் நிறுவனம் லைசென்ஸைச் சரிபார்க்கும் தன் பழைய ஈலைசென்சர் சேவையை 2025 மே மாதம் மூடியது, அதன் ரெக்கார்டிங் மென்பொருளான கியூபேஸின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு, கையில் இருக்கும் டாங்கிள் (லைசென்ஸ் அடங்கிய யூஎஸ்பி சாவி) வேலை செய்யும் வரை ஓடும், ஆனால் அந்த முறையில் புதிதாக ஆக்டிவேட் பண்ண முடியாது. வேவ்ஸ் நிறுவனத்தின் பிளகின்களை வாங்கினாலும் ஒரு வருஷத்துக்குப் பிறகு புதுப்பிப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும், உங்கள் கணினியை மாற்றும்போது அது கையைக் கடிக்கும். ஆகவே முழுசா வாங்குவதில் கிடைப்பது, நீங்கள் கணினியையும் இயங்குதளத்தையும் மாற்றாத வரை யாரும் நிறுத்த முடியாத ஒரு கருவி. அது பெரிய விஷயம்தான். பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து ஒரு மூலையில் வைத்து அப்படியே பத்து வருஷம் ஓட்டுபவர்கள் உண்டு.

சந்தாவில் அந்த வசதி இல்லை, பல மென்பொருள்கள் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தொட்டு நீங்கள் கட்டியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளும். இணையம் இல்லாத இடத்துக்கு லேப்டாப்போடு ரெக்கார்டிங் போகிறவர் என்றால் எத்தனை நாள் தாங்கும் என்று முன்பே கேட்டு வையுங்கள். அதோடு விதிகளை மாற்றும் அதிகாரமும் அவர்கள் கையில் இருக்கிறது. 2023 மார்ச் கடைசியில் வேவ்ஸ், இனிமேல் சந்தா மட்டும்தான், விற்பனை கிடையாது என்று அறிவித்தது. பயன்படுத்துபவர்கள் கொதித்தெழுந்ததில் சில நாளிலேயே பின்வாங்கி, விற்பனையையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தச் சில நாளில் நான் பார்த்த பதற்றத்தை மறக்க முடியாது, ஏனென்றால் எவ்வளவு பேருடைய தொழில் அந்த ஒரு முடிவைச் சார்ந்திருந்தது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

திரும்ப விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சந்தாவை விற்க முடியாது, தவணை முடியாத லைசென்ஸையும் விற்க முடியாது, மாணவர் விலையில் வாங்கியதைப் பொதுவாக விற்க விடமாட்டார்கள். முழுசா வாங்கியதைப் பல நிறுவனங்கள் ஒரு மாற்றுக் கட்டணத்தோடு வேறொருவர் பெயருக்கு மாற்ற அனுமதிக்கின்றன, சாம்பிள் லைப்ரரிக்காரர்களில் பலர் அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-இல் யூஸ்ட்சாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், ஒரே தொகை வாங்கிக்கொண்டு காலவரம்பு இல்லாமல் கொடுத்த மென்பொருள் லைசென்ஸை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அது அந்த நாடுகளுக்குத்தான், அதுவும் வாடகைக்குப் பொருந்தாது. வேறு நாடுகளில் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். வரியும் அப்படித்தான். சந்தாவை அந்தந்த வருஷச் செலவாகக் காட்டலாம், முழுசா வாங்கியதைச் சில இடங்களில் பல வருஷத்துக்குப் பிரித்துத்தான் கழிக்க முடியும். உங்கள் ஊர் விதி என்ன என்று ஒரு கணக்காளரிடம் கேளுங்கள். ஆனால் வரி மிச்சத்துக்காக மட்டும் சந்தா எடுப்பது சரியில்லை.

உங்கள் நிலைமையில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ரெக்கார்டிங் மென்பொருளை மட்டும் எப்பாடுபட்டாவது முழுசா வாங்கிவிடுவேன், ஏனென்றால் எல்லா புராஜெக்டும் அதற்குள்தான் குடியிருக்கின்றன, அது பூட்டிக்கொண்டால் எல்லாமே பூட்டிக்கொள்ளும். நல்லவேளையாக இதில்தான் மலிவான வழிகள் இருக்கின்றன. ரீப்பர் 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், சொந்த உபயோகத்துக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் 60 டாலர்தான். மேக் வைத்திருந்தால் லாஜிக் புரோ ஒரே தடவை 199.99 டாலர், அதுவே ஐபேடில் என்றால் சந்தா, கவனம். எஃப்எல் ஸ்டுடியோவுக்கு ஒருமுறை கட்டினால் அடுத்தடுத்த பதிப்புகள் இலவசம். ஏபிள்டன் லைவ்தான் வேண்டும் என்றால் சூட் பதிப்புக்கு ரெண்ட் டு ஓன் வழியும் இருக்கிறது, அல்லது சின்னப் பதிப்பில் ஆரம்பித்து வித்தியாசத் தொகையைக் கட்டிப் பிறகு மேலே போகலாம்.

ஒரே ஒரு சின்தசைசரோ பிளகினோ தினமும் தேவை என்றால் அதற்கு ரெண்ட் டு ஓன். ஒரு நேரத்தில் ஒன்றுதான், முதலாவது முடிந்த பிறகு இரண்டாவது. ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிக்கு இப்போது கடன் வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா தொடரில் டிஸ்கவர் என்ற சின்னப் பதிப்பு இருக்கிறது, அதில் எழுதிப் பழகலாம், ஸ்கெட்ச் போடலாம். ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்று நிஜமாகவே ஒரு வேலை வந்தால், அந்த வேலை நடக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் சந்தா எடுங்கள், அந்தத் தொகையைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடுங்கள். ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம் போல அதுவும் ஒரு செலவுதான், சொன்னால் புரிந்துகொள்வார்கள். வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் அந்தச் சந்தா தொடர்ந்து ஓடுகிறது என்ற நிலை வந்தால், அப்போது வாங்குங்கள், அதற்கான பணமும் அதற்குள் வேலையிலிருந்தே வந்திருக்கும்.

வேலை இல்லாத அந்த ஆறு மாதம் வந்துவிட்டால், தவணையை நிறுத்தி வைக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, அந்தக் கருவி இருக்கும் புராஜெக்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பவுன்ஸ் பண்ணி முடியுங்கள். அடுத்த தவணைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே இதைச் செய்துவிடுங்கள், அன்றைக்கே செய்தால் நேர வித்தியாசத்தில் பணம் போய்விடுவதுண்டு. நிறுத்தியதற்கான மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்து அதைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த மாதக் கார்டு கணக்கிலும் ஒருமுறை பாருங்கள்.